குளிர்காலத்தில் நண்பரின் கல்யாணத்துக்குப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியிலிருந்து கூடவே வளர்ந்த தோழியின் கல்யாணத்துக்கு ஒரு ஜனவரியில் காரில் கிளம்பினேன். ஆறு மணி நேரப் பயணம் என்று கணக்குப் போட்டிருந்தேன். வழியில் பனி கொட்டியதில் பதின்மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. நள்ளிரவு தாண்டி நான் போய் இறங்கியபோது, விடிந்தால் மணக்கோலத்தில் நிற்க வேண்டியவள் ஃபோனைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணப் படங்களில் அவள் கண்கள் சிவந்திருப்பது இன்றும் தெரிகிறது. பார்ப்பவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்று நினைக்கிறார்கள். காரணம் எனக்குத் தெரியும்.

அதன்பிறகு குளிர்காலக் கல்யாணங்களுக்கு நிறையப் போய்வந்துவிட்டேன். கிளம்பப்போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எத்தனை நாள் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும்?

கல்யாணத்துக்கு முன் ஒரு முழு நாளாவது கையில் இருக்க வேண்டும். சனிக்கிழமை கல்யாணம் என்றால் வியாழன் இரவுக்குள் அங்கே இருங்கள். வெள்ளி மாலை வந்தால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். நல்ல வானிலையில் போதும். பனிப்புயல் அடித்தால் போதாது. ஏனென்றால் புயல் ஓய்ந்த உடனே போக்குவரத்து சீராகிவிடாது. விமானங்கள் இருக்க வேண்டிய ஊரில் இல்லாமல் வேறு ஊர்களில் நிற்கும். விமானிகளுக்கும் பணியாளர்களுக்கும் வேலை நேர வரம்பு முடிந்திருக்கும். ரத்தான விமானங்களின் பயணிகள் எல்லோரும் அடுத்தடுத்த விமானங்களில் இடம் தேடிக்கொண்டிருப்பார்கள். இதெல்லாம் சரியாக ஒன்றிரண்டு நாள் பிடிக்கும்.

அந்த ஒரு நாள் வீண் என்று நினைக்காதீர்கள். நீண்ட நாள் நண்பரோடு கல்யாணத்தன்று பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான், அதுவும் கூட்டத்துக்கு நடுவே. முந்தின நாளோ கல்யாண வீட்டில் வேலை குவிந்து கிடக்கும், ஆள் போதாது. வந்தவர்களை அழைத்து வருவது, சாமான் எடுத்து வைப்பது என்று கூடமாட நின்றால், வேலைக்கு நடுவே பழைய பேச்சும் தானாக வந்துவிடும். நான் போன கல்யாணங்களில் மனசில் தங்கியிருப்பவை பெரும்பாலும் இந்த முந்தின நாள்கள்தான்.

விடுப்பு கிடைக்கவில்லை என்றால், கல்யாணத்துக்கு மறுநாள் எடுக்க நினைத்த விடுப்பை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது தாமதமானால் அலுவலகத்தில் விளக்கம் சொல்லலாம்.

வானிலை அறிக்கையை எப்போதிலிருந்து பார்ப்பது? எவ்வளவு நம்பலாம்?

பத்து நாளுக்கு முன்பே பார்த்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகம் சொல்லும் கணக்குப்படி ஐந்து நாள் முன்னறிவிப்பு சுமார் 90 சதவீதம் சரியாக இருக்கிறது. ஏழு நாளுக்கு அது 80 சதவீதம். பத்து நாளைத் தாண்டினால் பாதிக்குப் பாதிதான். ஆகவே ஐந்து நாள் இருக்கும்போது கவனமாகப் பார்க்கத் தொடங்குங்கள், இரண்டு நாள் இருக்கும்போது முடிவெடுங்கள்.

எந்த ஊரின் அறிக்கையைப் பார்க்கிறோம் என்பது முக்கியம். கிளம்பும் ஊரும் கல்யாண ஊரும் போதாது. வழியில் மலை இருந்தால் அதன் உயரமான பகுதி, விமானம் மாற வேண்டியிருந்தால் அந்த ஊர், இவற்றையும் பாருங்கள். நான் பதின்மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்ட அன்று இரண்டு ஊர்களிலும் வானம் தெளிவாகத்தான் இருந்தது. நடுவில் இருந்த மலைப்பாதையை நான் பார்க்கவே இல்லை.

அறிக்கையில் பனிப்பொழிவு எத்தனை சென்டிமீட்டர் என்பதைத்தான் எல்லோரும் தேடுவார்கள். வெப்பநிலை 0 டிகிரியைக் கடக்கும் நேரத்தையும் காற்றின் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். பகலில் உருகிய பனி, மாலையில் 0 டிகிரிக்குக் கீழே போகும்போது சாலையில் கண்ணாடி போல உறைந்துவிடும். ‘உறைமழை’ என்று அறிக்கையில் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் நீராகவே விழும் துளிகள் அவை. தரையையோ கிளையையோ மின்கம்பியையோ தொட்டவுடன் பனிக்கட்டியாகிவிடும். நல்ல டயரும் நல்ல ஓட்டுநரும் இருந்தாலும் அதன்மேல் பிடிமானம் கிடைக்காது.

காரா, ரயிலா, விமானமா?

ரயில் போகும் ஊராக இருந்தால் ரயில்தான் என் முதல் தேர்வு. பனியில் ரயிலும் தாமதமாகும். தண்டவாளம் பிரியும் இடங்களில் பனி அடைத்துக்கொள்ளும், மேலே ஓடும் மின்கம்பியில் பனிக்கட்டி படியும். ஆனால் நடுவழியில் நின்றுபோன ரயிலில் பெரும்பாலும் வெளிச்சம் இருக்கும், கழிப்பறை இருக்கும், எழுந்து நடக்க இடம் இருக்கும், கூட நாலு பேர் இருப்பார்கள். காரில் மாட்டிக்கொண்டால் இதெல்லாம் கிடையாது. தூரம் மிக அதிகம் என்றால் விமானம். இரண்டும் இல்லாத ஊருக்குக் கார், அதுவும் முடிந்தால் பகல் வெளிச்சத்தில் மட்டும். டிசம்பரிலும் ஜனவரியிலும் வடபகுதி நாடுகளில் பகல் மிகக் குறுகியது. காலையில் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பினால், கடைசி ஒரு மணி நேரம் இருட்டில் ஓட்ட நேரும்.

விமானத்தில் எந்த நேரத்து டிக்கெட் எடுப்பது?

விமானம் போய்வரும் ஊரின் குளிர்காலம் பனிப்பொழிவா, பனிமூட்டமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் பதில் நேர் எதிர்.

பனி பொழியும் ஊர் என்றால் காலையின் முதல் விமானம் நல்லது. அந்த விமானம் பெரும்பாலும் முந்தின இரவே வந்து நின்றிருக்கும். மற்ற விமானங்களின் தாமதம் அதன்மேல் ஏறாது. ஒரு விமானம் ஒரே நாளில் நாலைந்து ஊர் போய்வரும்போது காலையில் ஏற்பட்ட அரை மணி நேரத் தாமதம் மாலைக்குள் மூன்று மணி நேரமாக வளர்ந்துவிடும். முதல் விமானம் ரத்தானாலும் அதே நாளில் வேறு விமானம் கிடைக்க வாய்ப்புண்டு.

பனிமூட்டம் கவியும் ஊர் என்றால் அதிகாலை விமானத்தைத் தொடாதீர்கள். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை வெப்பத்தை இழந்து குளிர்கிறது, அதை ஒட்டிய காற்றில் உள்ள ஈரம் மூட்டமாகிறது. விடியும் நேரத்தில்தான் அது மிக அடர்த்தியாக இருக்கும். வெயில் ஏறினால் கலையும். அப்படிப்பட்ட ஊரில் நடுப்பகல் விமானம்தான் பத்திரம்.

எந்த ஊரானாலும் நேரடி விமானம் கிடைத்தால் காசு கூடினாலும் எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் மாறியே ஆக வேண்டுமென்றால், இரண்டு விமானங்களையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டது பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகும் விமானம் கிளம்பாமல் நிற்கிறது. இறக்கையில் எதையோ தெளிக்கிறார்கள். அது என்ன?

கிளைக்கால் (glycol) என்ற, உறையாமல் தடுக்கும் வேதிப்பொருள் கலந்த திரவம். சூடாகத் தெளிப்பது படிந்த பனியை நீக்க, அதன்மேல் கெட்டியாகத் தெளிப்பது புதிய பனி ஒட்டாமலிருக்க. இறக்கையில் மெல்லிய பனிப்படலம் இருந்தாலே அதன் வடிவம் மாறி, விமானத்தைத் தூக்கும் விசை குறைந்துவிடும். 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் பனிக்கு நடுவே கிளம்பிய பயணிகள் விமானம் பாலத்தில் மோதி பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. 78 பேர் இறந்தார்கள். இறக்கையில் இருந்த பனியும் அந்த விபத்துக்கு ஒரு காரணம். தெளித்த திரவம் வேலை செய்வதற்கு நேர வரம்பு உண்டு. அதற்குள் கிளம்ப முடியாவிட்டால் மறுபடி தெளிப்பார்கள். கடிகாரத்தைப் பார்த்துத் தவிப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த அரை மணி நேரம் உங்களுக்காகத்தான் செலவாகிறது.

விமானம் ரத்தாகிவிட்டது. உடனே என்ன செய்வது?

வரிசையில் நில்லுங்கள், நின்றபடியே செயலியிலும் தேடுங்கள், வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கும் அழையுங்கள். மூன்றில் எது முதலில் கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். “அடுத்த விமானம் எப்போது?” என்று மட்டும் கேட்காதீர்கள். கல்யாண ஊருக்குப் பக்கத்தில் எந்தெந்த ஊருக்கு விமானம் போகிறது என்று முன்பே எழுதி வைத்திருந்து அதைக் கேளுங்கள். நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி இறங்கி, அங்கிருந்து ரயில் பிடிப்பது பல முறை கைகொடுக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை நாட்டுக்கு நாடு விதி வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியின்படி, கடும் வானிலையால் ரத்தானால் இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் டிக்கெட் பணத்தைத் திரும்பப் பெறவோ மாற்று விமானம் கேட்கவோ உரிமை உண்டு, காத்திருக்கும்போது உணவும் தேவைப்பட்டால் தங்குமிடமும் தர வேண்டும். ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

காரில் போவதானால் கிளம்பும் முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் டயர். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாக இருந்து சாலையைப் பிடிக்கும். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த சின்னம் இருந்தால் அது பனியில் சோதித்துப் பார்க்கப்பட்டது என்று அர்த்தம். நாலு சக்கர இழுவை உள்ள வண்டிதானே, பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். அது வண்டியைக் கிளப்பத்தான் உதவும். நிறுத்துவது டயரின் வேலை.

வெப்பநிலை 5, 6 டிகிரி குறையும் ஒவ்வொரு முறையும் டயரில் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். ஆகவே கிளம்பும் நாள் காலையில், வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பாருங்கள்.

அடுத்தது பேட்டரி. 0 டிகிரியில் அதன் பலம் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மைனஸ் 18 டிகிரியில் பாதிக்கும் மேல் போய்விடும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் கெட்டியாகி, வண்டியைக் கிளப்பக் கூடுதல் பலம் கேட்கும். மூன்று நாலு வருடம் ஓடிய பேட்டரியைச் சோதிக்காமல் கிளம்ப வேண்டாம்.

கண்ணாடி கழுவும் தண்ணீருக்குப் பதிலாக உறையாத திரவம் ஊற்றுங்கள். டீசல் வண்டியென்றால் குளிர்கால டீசல்தானா என்று பாருங்கள். சாதாரண டீசலில் உள்ள மெழுகு குளிரில் திரண்டு ஃபில்டரை அடைக்கும். எரிபொருள் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள், அது ஏன் என்று கீழே சொல்கிறேன். அப்புறம், கண்ணாடியில் முகம் தெரியும் அளவுக்கு மட்டும் பனியைச் சுரண்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். கூரையில் விட்டுவைத்த பனி, முதல் பிரேக்கில் சரிந்து முன்கண்ணாடியை மூடும், இல்லையென்றால் பின்னால் வருகிறவர் மேல் போய் விழும்.

ஓட்டும்போது எதில் கவனம் வேண்டும்?

இடைவெளியில். பனிக்கட்டி மேல் வண்டி நிற்க, காய்ந்த சாலையைவிடப் பத்து மடங்கு தூரம்கூட ஆகலாம்.

மிக ஆபத்தானது வெள்ளையாகத் தெரியும் பனி இல்லை. தார்ச்சாலையின் கறுப்பு அப்படியே தெரியும்படி மேலே படிந்திருக்கும் கண்ணாடிப் படலம்தான், பிளாக் ஐஸ் என்பார்கள். ஈரச் சாலை போல இருக்கும், ஆனால் முன்னால் போகும் வண்டியின் சக்கரத்திலிருந்து நீர் தெறிக்காது. அதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல அடையாளம் இது. பாலங்களில் இந்தப் படலம் முதலில் உருவாகும். சாலைக்கு அடியில் மண்ணின் சூடு இருக்கிறது. பாலத்துக்கோ மேலேயும் கீழேயும் குளிர்காற்றுதான். மர நிழல் விழும் வளைவுகளும் அப்படியே.

குளிர் கூடக் கூட வழுக்கலும் கூடும் என்று நினைப்பது தவறு. மைனஸ் 15 டிகிரி பனிக்கட்டியைவிட, 0 டிகிரியை ஒட்டி லேசாக ஈரம் படர்ந்த பனிக்கட்டிதான் அதிகம் வழுக்கும். சாலையில் தூவும் உப்பு சுமார் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது, ஆகவே உப்புத் தூவிய சாலை என்று நம்பி வேகம் எடுக்க வேண்டாம். வண்டியைத் தானாக ஒரே வேகத்தில் ஓட வைக்கும் குரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். வண்டி சறுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, போக வேண்டிய திசையைப் பார்த்து மெதுவாக ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள்.

மின்சாரக் கார் எப்படி?

போகலாம். ஆனால் ஒரு சார்ஜில் போகும் தூரம் கடுங்குளிரில் வெகுவாகக் குறையும், விரைவு சார்ஜும் மெதுவாகும். சார்ஜரில் செருகியிருக்கும்போதே காரைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஓடும்போது ஹீட்டரைவிட இருக்கைச் சூடு குறைவாக மின்சாரம் இழுக்கும். ஒரு சார்ஜ் நிலையம் வேலை செய்யாவிட்டாலும் அடுத்ததுக்குப் போகும் அளவுக்கு எப்போதும் மிச்சம் இருக்கட்டும்.

நடுவழியில் பனியில் மாட்டிக்கொண்டால்?

காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள். எதிரே தெரியும் விளக்கு பக்கம் போலத் தோன்றும். பனிக்காற்றில் பத்தடி நடந்தால் திரும்பிப் பார்க்கும்போது கார் தெரியாது. உதவிக்கு வருகிறவர்களுக்கும் ஓர் ஆளைவிடக் காரைக் கண்டுபிடிப்பது சுலபம். அவசர எண்ணுக்கு அழைத்து இருக்குமிடம் சொல்லுங்கள், ஆன்டெனாவிலோ கதவிலோ பளிச்சென்ற துணி கட்டுங்கள்.

எஞ்சினைப் போடும் முன் பின்னால் போய் சைலன்சர் குழாயை அடைத்திருக்கும் பனியை நீக்குங்கள். இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும். தலைவலியும் மயக்கமும் வரும்போது பயணக் களைப்பு என்று நினைத்துக் கண்ணயர்ந்தால் எழுந்திருக்க மாட்டோம். மணிக்குப் பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு அணைத்துவிடுங்கள். அப்போது காற்று அடிக்காத பக்கத்து ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும். பாதி டேங்க் எரிபொருள் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

போர்வை, டார்ச், சின்ன மண்வாரி, சக்கரத்தடியில் போட ஒரு பை மணல், ஜம்பர் கேபிள், சாப்பிட ஏதாவது, தண்ணீர், பவர் பேங்க். இவ்வளவும் காரில் இருக்கட்டும். தண்ணீர் பாட்டிலை நிறைய நிரப்பாதீர்கள், உறையும்போது நீர் சுமார் 9 சதவீதம் பெருகும்.

கல்யாண உடையை எப்படிக் கொண்டுபோவது? பயணத்துக்கு என்ன உடுத்துவது?

கல்யாணத்துக்கு உடுத்தப்போவது கைப்பையிலேயே இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். விமானம் மாறும் நாளில் பெட்டி உங்களுக்குப் பின்னால் இரண்டு நாள் கழித்து வரலாம். மண்டபத்தில் போடும் செருப்போ ஷூவோ தனிப் பையில். வாசல் வரை பிடிமானமுள்ள பூட்ஸில் போய் உள்ளே மாற்றிக்கொள்ளுங்கள். பனிப்படிக்கட்டில் வழுக்கி விழுந்து, கட்டுப் போட்ட கையோடு கல்யாணத்தில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பயணத்தில் ஒரே ஒரு தடித்த ஜாக்கெட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். உடலை ஒட்டி வியர்வையை வெளியேற்றும் தெர்மல், நடுவில் கம்பளி, மேலே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். உள்ளே பருத்தி வேண்டாம். பருத்தி நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்து உடலைக் குளிர வைக்கும். கம்பளி ஈரத்திலும் ஓரளவு கதகதப்புத் தரும்.

வெப்பமானி காட்டுவதை மட்டும் பார்க்காதீர்கள். மைனஸ் 10 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் மூடாத தோலுக்கு அது மைனஸ் 20 போல இருக்கும். காது, மூக்கு, விரல் நுனி வெளுத்து உணர்விழந்தால் உறைகடி. தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். உள்ளே போய், உடல் சூட்டிலோ 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரிலோ மெல்லச் சூடாக்கி, மருத்துவரிடம் காட்டுங்கள். குளிருக்கு இதம் என்று மது குடிப்பதும் வேண்டாம். தோலுக்கு ரத்தம் அதிகம் பாய்வதால் சூடு ஏறியது போலத் தோன்றும், உண்மையில் உடல் சூட்டை இழந்துகொண்டிருக்கும்.

குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துப் போகலாமா?

போகலாம், கொஞ்சம் கூடுதல் ஏற்பாட்டோடு. காரில் குழந்தை இருக்கையில் உட்கார வைக்கும்போது பஞ்சுவைத்த தடித்த கோட்டைக் கழற்றிவிடுங்கள். மோதலில் அந்தப் பஞ்சு அமுங்கி, பட்டை தளர்ந்துவிடும். பட்டையை இறுக்கி மாட்டியபின் மேலே கோட்டையோ போர்வையையோ போர்த்துங்கள். இதய நோய் உள்ளவர்கள் பனியை வாரவோ மாட்டிக்கொண்ட வண்டியைத் தள்ளவோ வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் மஃப்ளரால் மூடிக்கொண்டால் உள்ளே போகும் காற்று சற்றுச் சூடாகும். இன்சுலின் உறைந்தால் பயன்படாது. டிக்கியிலோ செக்-இன் பெட்டியிலோ வைக்காமல் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். மருந்து எதுவானாலும் மூன்று நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபோன்?

குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். ஜாக்கெட்டின் உள்பையில், உடலை ஒட்டி வையுங்கள். விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். கல்யாண இடத்தின் முகவரியும் நாலு பேர் எண்ணும் ஒரு தாளில் எழுதி இருக்கட்டும்.

வழியில் தாமதமானால் நண்பருக்குச் சொல்ல வேண்டாமா?

சொல்ல வேண்டும், ஆனால் மணமக்களிடம் வேண்டாம். நான் செய்த தவறு இதுதான். வழியெல்லாம் தோழியைத்தான் அழைத்துக்கொண்டிருந்தேன். இங்கே பனி கூடுகிறது, வண்டி நகரவில்லை, இப்போது கொஞ்சம் நகர்கிறது என்று ஒவ்வொன்றையும் சொன்னேன். மறைக்காமல் சொல்வதுதான் சரி என்று அப்போது நினைத்தேன். தன் கல்யாணத்துக்கு முந்தின இரவை அவள் என் வண்டியோடேயே கழித்தாள்.

இப்போதெல்லாம் கிளம்பும் முன்பே அந்த வீட்டில் ஒருவரை, அண்ணனோ தங்கையோ பொதுவான நண்பரோ, பேசி வைத்துக்கொள்கிறேன். எந்த வழியில் வருகிறேன், எத்தனை மணிக்கு எந்த ஊரைத் தாண்டுவேன் என்று அவரிடம் சொல்லிவிடுவேன். தாமதமானால் அவருக்கு மட்டும் செய்தி போகும். குறித்த நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் என்னிடமிருந்து எதுவும் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். நண்பருக்கு என்னிடமிருந்து ஒரே ஒரு செய்தி: “வந்துவிட்டேன், நிம்மதியாகத் தூங்கு.”

எந்தக் கட்டத்தில் பயணத்தைக் கைவிடுவது?

இதை வீட்டில் உட்கார்ந்து, மனம் அமைதியாக இருக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். பாதி வழி வந்தபின், இன்னும் நூறு கிலோமீட்டர்தானே என்ற எண்ணம் வந்தபின், சரியாக யோசிக்க முடியாது. சாலை மூடப்பட்டால், உறைமழை எச்சரிக்கை வந்தால், முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கு தெரியாமல் போனால் நிறுத்திவிடுவேன் என்று கூட வருகிறவர்களிடமும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஒருமுறை நான் அப்படி நிறுத்தினேன். கல்லூரியில் நாலு வருடம் ஒரே அறையில் இருந்த நண்பனின் கல்யாணம். வழியில் ஒரு விடுதியில் தங்கி, மறுநாள் கட்டிலில் உட்கார்ந்து ஃபோனில் கல்யாணத்தைப் பார்த்தேன். அழுகை வந்தது. இரண்டு மாதம் கழித்துப் போனபோது, அவனும் அவன் மனைவியும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை எனக்காக ஒதுக்கி வைத்திருந்தார்கள். படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இதில் நீ இங்கே நின்றிருப்பாய் என்று இடம் காட்டினான். வர முடியாமல் போனதற்காக எந்த நண்பனும் கோபித்துக்கொண்டு நான் பார்க்கவில்லை. வருத்தப்படுவார்கள். அது வேறு.

பத்து வருடமாகச் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அழைப்பு வந்திருக்கிறது. இந்தக் குளிரில் இவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா?

முடிந்தால் போங்கள். பத்து வருட இடைவெளிக்குப் பிறகும் உங்கள் பெயரை நினைத்து எழுதியிருக்கிறார். உண்மையாகவே அழைத்திருப்பாரா, மரியாதைக்காகவா என்ற சந்தேகம் இருந்தால் ஒரு தடவை அழைத்துப் பேசிப்பாருங்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சாலை சரியில்லை என்பது போகாமலிருக்க நல்ல காரணம். கூச்சம் அப்படியில்லை.

பரிசு?

முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். கையில் எடுத்துப்போவதானால் பொதி சுற்றாமல் போங்கள், விமான நிலையச் சோதனையில் பிரிக்கச் சொல்லலாம். திரவமோ கண்ணாடியோ இரவு முழுவதும் காரில் இருக்க வேண்டாம்.

திரும்பும்போது?

கல்யாண இரவே கிளம்பாதீர்கள். நாள் முழுக்க நின்று, நேரம் கடந்து சாப்பிட்டு, தூக்கமில்லாமல் இருப்பீர்கள். சாலையும் அந்த நேரத்தில்தான் உறைந்திருக்கும். தூங்கி எழுந்து, வெளிச்சம் வந்தபின் வண்டியை எடுங்கள். வரும்போது யாரிடம் வழியைச் சொன்னீர்களோ அவரிடமே இப்போதும் சொல்லுங்கள். உங்களை அனுப்பிவிட்ட கவலை அந்த வீட்டில் யாருக்காவது இருந்துகொண்டேதான் இருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும், பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்பே, வந்து சேர்ந்துவிட்டேன் என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.